மழைக்காலமும் ஆடுகளின் நீலநாக்கு நோயும்
(உழவர் பயிற்சி முகாம் ஒன்றில் ஆற்றிய உரை)

நான் உழவியல் ஆசிரியன். கால்நடை மருத்துவன் அல்லன். பயிரைப் பற்றிப் பேசவேண்டியவன் ஆட்டு நோயைப் பற்றிப் பேச வந்தது ஏன் என்று கேட்பீர்கள். மானாவாரி நிலத்துக்கு ஆட்டுக்கிடையைப் போல எரு வேறில்லை என்று வருடம் முழுவதும் சொல்லிவருபவன் நான். கிடையை எங்கே போடுகிறோம், எந்த மாதத்தில் போடுகிறோம் என்பதில் இந்நோயின் பாதி விஷயம் அடங்கியிருக்கிறது. ஆகவே இதைச் சொல்லும் பொறுப்பு எனக்கும் உண்டு.

1997-ஆம் ஆண்டு மழைக்காலத்தை இங்குள்ள பெரியவர்கள் மறந்திருக்கமாட்டீர்கள். 1997-98இல் தமிழ்நாடு, ஆந்திரம், கர்நாடகம் ஆகிய மூன்று மாநிலங்களிலும் செம்மறி ஆடுகள் நீலநாக்கு நோயால் ஏராளமாக மடிந்தன. அப்போது எனக்கு எட்டு வயது. எங்கள் வீட்டில் அறுபது உருப்படி இருந்தன. கார்த்திகை பிறந்து பத்தாம் நாள் ஒரு தாயாட்டின் முகம் வீங்கிற்று. தை பிறப்பதற்குள் பத்தொன்பது ஆடுகள் போய்விட்டன. மிச்சமிருந்தவற்றில் சினையாடுகள் சில கருச்சிதைந்தன. அக்காளின் திருமணத்துக்கென்று வைத்திருந்த கிடாய்களும் அந்தப் பத்தொன்பதில் அடக்கம். திருமணம் ஒரு வருடம் தள்ளிப்போயிற்று.

ஊரில் கோமாரி என்றார்கள். என் தகப்பனார் தமக்குத் தெரிந்தவரையில் முறையாகத்தான் செய்தார். நோய்கண்ட ஆடுகளைப் பிரித்து, மாட்டுத் தொழுவத்தை ஒட்டிய சார்ப்பில் கட்டினார். தீவனம் வேறு, தண்ணீர்த் தொட்டி வேறு. சார்ப்புக்குப் பின்னால் எருக்குழி, அதையடுத்து வாய்க்கால். நல்ல ஆடுகள் இருபது அடி தள்ளிப் பட்டியில் கிடந்தன. இவ்வளவு செய்தும் நாளுக்கு ஒன்றாக நல்ல ஆடுகளும் விழுந்துகொண்டே இருந்தன. பிரித்து வைத்தது தவறன்று. பிரித்து வைத்த இடம்தான் தவறு என்பது எனக்குப் பல வருடங்கள் கழித்துப் படித்த பிறகே விளங்கிற்று.

இந்நோய் ஒரு வைரஸ் கிருமியால் உண்டாவது. கோமாரியைப் போல வாயிலிருந்து வாய்க்கோ, தீவனத்தாலோ, மூச்சாலோ இது பரவுவதில்லை. கியூலிகாய்டஸ் என்னும் கடிக்கும் சிறு பூச்சிதான் இதைச் சுமந்து செல்கிறது. கொசுவிலும் மிகச் சிறியது. நீளம் ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டர்தான். சாதாரணக் கொசுவலையின் கண்ணில் நுழைந்து வந்துவிடும். பெண் பூச்சி மட்டுமே இரத்தம் குடிக்கும். அந்தி மயங்கியதிலிருந்து விடியும் வரை அதற்கு வேட்டை நேரம்.

இது முட்டையிடும் இடத்தை நாம்தான் தயாரித்துக் கொடுக்கிறோம். சாணமும் ஆட்டுப்புழுக்கையும் கலந்த ஈரச்சேறு, எருக்குழியின் ஓரம், தொட்டியிலிருந்து தண்ணீர் வழிந்து சொதசொதவென்று கிடக்கும் மண், வாய்க்கால் கரையின் சகதி ஆகியவை அதற்குப் பிடித்தமானவை. தெளிந்த நீர் நிற்கும் கிணற்றைக் காட்டிலும் மாடு மிதித்த சேறுதான் அதற்கு வேண்டும்.

இப்போது நாட்கணக்கைப் பாருங்கள். ஐப்பசி பிறந்து நல்ல மழை பெய்கிறது. அந்த ஈரத்தில் இட்ட முட்டை பூச்சியாகப் பறப்பதற்கு இரண்டு, மூன்று வாரங்கள் ஆகும். அது கிருமியுள்ள ஒரு பிராணியைக் கடித்தால், கிருமி பூச்சியின் உடலில் பெருகி எச்சிலுக்கு வந்து சேர மேலும் ஒன்று, இரண்டு வாரம். பிறகு அது ஆட்டைக் கடித்து, ஆட்டுக்குக் காய்ச்சல் காண ஏறத்தாழ ஒரு வாரம். கூட்டிப் பார்த்தால் நான்கு முதல் ஆறு வாரம் வருகிறது. கார்த்திகையில் எங்கள் தாயாட்டின் முகம் வீங்கியதற்குக் காரணம் இந்தக் கணக்கே. மழை விட்டு மண் காய்ந்து, பூச்சி குறையும்போது நோயும் தணிந்துவிடும்.

அப்படியானால் கோடையில் கிருமி எங்கே இருக்கிறது? பெரும்பாலும் மாட்டில். மாடு, எருமை, வெள்ளாடு ஆகியவற்றின் இரத்தத்திலும் இக்கிருமி வாழும். ஆனால் அவை பெரும்பாலும் நோய்க்குறி எதையும் காட்டா. மாட்டின் இரத்தத்தில் பல வாரங்கள் இருந்துகொண்டிருக்கும். பாசனமுள்ள இடங்களில் கோடையிலும் பூச்சி சிறிதளவு இருப்பதால், மாட்டுக்கும் பூச்சிக்குமாக மாறிமாறிக் கிருமி பிழைத்துக் கிடக்கிறது. எங்கள் சார்ப்பை இப்போது நினைத்துப் பாருங்கள். மாடு, எருக்குழி, வாய்க்கால், நோய்கண்ட ஆடு எல்லாம் ஓரிடத்தில்; நல்ல ஆடு இருபது அடியில்!

நோயின் குறிகளைச் சொல்கிறேன். 105 டிகிரிக்கு மேல் காய்ச்சல், உதடும் முகமும் வீங்குதல், மூக்கில் சளி, வாயில் நுரையும் எச்சிலும், ஈறிலும் நாக்கிலும் புண். சில நாட்களில் குளம்புக்கு மேல் தோல் சேருமிடத்தில் சிவந்து வீங்கி, ஆடு நொண்டும், முட்டிபோட்டு நகரும். சில ஆடுகளுக்குக் கழுத்து ஒரு பக்கமாகத் திருகிக்கொள்ளும். பெயரில் நீலநாக்கு என்று இருப்பதால் நாக்கு நீலமாகும் என்று காத்திருக்கவேண்டாம். நாக்கு நீலமாவது சில ஆடுகளில்தான். எங்கள் வீட்டில் ஒன்றுக்குக்கூட ஆகவில்லை. அதனாலேயே அது வேறு நோய் என்று நம்பிவிட்டோம். மாடுகளும் சேர்ந்து வாயில் கொப்புளம் கண்டு நொண்டினால் கோமாரி என்று சந்தேகிக்கலாம். வெள்ளாடுகளும் சேர்ந்து கடுமையாகக் கழிந்தால் ஆட்டுக்கொல்லி நோயோ என்று பார்க்கவேண்டும். எதுவாயினும் கால்நடை மருத்துவர் வந்து பார்த்து முடிவு செய்யட்டும்.

கிருமியைக் கொல்லும் மருந்து கிடையாது. மருத்துவர் போடும் ஊசி, புண்ணிலும் நுரையீரலிலும் வேறு கிருமிகள் சேராமல் தடுப்பதற்கானது. மீதி நம் பராமரிப்பில் இருக்கிறது. நோய்கண்ட ஆட்டை வெயிலில் ஓட்டக்கூடாது. வெயில் இந்நோயைக் கடுமையாக்கும். நிழலில், காய்ந்த தரையில் வையுங்கள். வாயை இளஞ்சிவப்பு நிறத்தில் கரைத்த பொட்டாசியம் பெர்மாங்கனேட் நீரில் கழுவிப் புண்ணுக்குப் போரிக் கிளிசரின் தடவுங்கள். வாய்ப்புண்ணால் ஆடு மேயாது. பட்டினியில் சாவதும் உண்டு. கம்பங்கூழோ கேழ்வரகுக் கூழோ, அரிசிக் கஞ்சியோ ஆறவைத்துச் சிறிது சிறிதாகக் கொடுக்கவேண்டும். அவசரப்பட்டு ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும். இந்நோய் மனிதருக்குத் தொற்றாது. கவனிக்கும் பெண்களும் பிள்ளைகளும் அஞ்சவேண்டாம்.

இனி கிடைக்கு வருகிறேன். ஐப்பசி முதல் மார்கழி வரை வாய்க்கால் ஓரத்திலும் நஞ்சைத் தாழ்விலும் கிடை போடாதீர்கள். அந்த எரு அந்த மாதத்தில் வேண்டாம். அறுவடை முடிந்து நிலம் காய்ந்த பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் போடலாம். மழை மாதங்களில் காற்றோட்டமுள்ள மேட்டுநிலத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். இப்பூச்சிக்குப் பறக்கும் வலு குறைவு. காற்று வீசுமிடத்தில் அதனால் நிலைத்துக் கடிக்க இயலாது. பலத்த காற்று அதை வெகுதூரம் தூக்கிச் செல்வதும் உண்டு என்பதால் மேடு மட்டும் முழுக் காப்பாகாது. பொழுது சாயுமுன் பட்டியில் அடைத்து, வேப்பிலை, நொச்சி மூட்டம் போடுங்கள். புகை ஓரளவுக்கு உதவும். எருக்குழியைப் பட்டியிலிருந்து எட்ட அமைத்து, அதைச் சுற்றி நீர் தேங்காமல் வடிகால் எடுங்கள். ஆட்டுப்பட்டியையும் மாட்டுத் தொழுவத்தையும் ஒட்டி வைக்கவேண்டாம்.

ஒன்றைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. அந்த வருடம் முகம் இலேசாக வீங்கிய நான்கு ஆடுகளைச் சந்தைக்கு ஓட்டிக்கொண்டு போய் விற்றோம். வாங்கியவர் வேற்றூர்க்காரர். கிருமி இல்லாத ஊருக்கும் பூச்சி உண்டு. கிருமியை மட்டும் நாங்கள் கொண்டுபோய்ச் சேர்த்திருப்போம். நோய் இருக்கும்போது விற்கவும் வேண்டாம், மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கவும் வேண்டாம்.

அன்று நமக்கு இல்லாத ஒன்று இன்று இருக்கிறது, அது தடுப்பூசி. இக்கிருமியில் இருபதுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. ஒரு வகையில் பிழைத்த ஆடு மற்றொரு வகைக்கு இரையாகலாம். நம் நாட்டில் தயாரான தடுப்பூசியில் 1, 2, 10, 16, 23 ஆகிய ஐந்து வகைகள் சேர்ந்துள்ளன. அதில் இருப்பது செயலிழக்கச் செய்த கிருமி. ஊசி போட்டவுடன் எதிர்ப்புச் சக்தி வந்துவிடாது. சில வாரங்கள் ஆகும். ஆகவே ஆவணியிலேயே போட்டுக்கொள்ளவேண்டும், ஆண்டுதோறும் போடவேண்டும். பக்கத்துப் பட்டியில் ஆடு விழுந்த பிறகு ஓடுவதில் அதிகப் பயன் இல்லை. மருந்து வேண்டும் அளவுக்கு முன்கூட்டியே வரவழைக்க, ஆனி, ஆடியிலேயே ஊர் ஆடுகளை எண்ணிக் கால்நடை மருந்தகத்தில் கொடுத்துவிடுங்கள். குட்டிகளுக்கு எந்த வயதில் போடுவது, சினையாடுகளுக்கு எப்போது போடுவது என்பதை மருத்துவர் சொல்வார். அவர் பின்வரிசையில் அமர்ந்திருக்கிறார். உங்கள் ஆட்டுக் கணக்கை இன்றே அவரிடம் எழுதிக் கொடுக்கலாம்.