ஒரே மருந்தால் எல்லாப் புற்றுநோயும் தீருமா?



ஒவ்வொரு நோய்க்கும் மருந்து உண்டு என்பது நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத்தந்த செய்தி. இதைச் சொல்லிவிட்டு, "அப்படியானால் புற்றுநோய்க்கும் ஒரு மருந்து இருக்க வேண்டுமே? ஏன் இன்னும் கண்டுபிடிக்கவில்லை?" என்று பலர் கேட்கிறார்கள். கண்டுபிடித்து மறைத்துவிட்டார்கள் என்று அடித்துச் சொல்வோரும் நம்மிடையே உண்டு.

நபிமொழி அத்துடன் நிற்கவில்லை. நோய்க்குரிய மருந்து நோயோடு பொருந்தும்போதே அல்லாஹ்வின் நாட்டப்படி குணம் கிடைக்கிறது என்ற கருத்தும் அதில் அடங்கியுள்ளது. பொருந்துதல் என்னும் அந்த நிபந்தனையை நாம் கவனியாமல் கடந்துவிடுகிறோம்.

புற்றுநோய் என்பது தனியொரு நோயின் பெயரன்று. நூற்றுக்கும் மேற்பட்ட நோய்களுக்கு இட்ட பொதுப்பெயர். காய்ச்சல் என்கிறோம், மலேரியாவும் டைஃபாய்டும் டெங்குவும் அதில் அடங்கும். மலேரியா மாத்திரை டைஃபாய்டைத் தீர்க்குமா?

ஒரு வகையை மட்டும் எடுத்துக்கொள்வோம். நாள்பட்ட மைலாய்டு இரத்தப் புற்றுநோய் கண்டவர்களின் உயிரணுக்களில் வழக்கத்தைவிடச் சிறியதொரு குரோமோசோம் இருப்பதை 1960இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகர ஆய்வாளர்கள் இருவர் கண்டனர். 9ஆம் குரோமோசோமும் 22ஆம் குரோமோசோமும் தம் துண்டுகளை இடம் மாற்றிக்கொண்டதே காரணம் என்று 1973இல் ஜேனட் ரௌலி என்ற பெண் மருத்துவர் காட்டினார். இம்மாற்றத்தால் உருவாகும் பிழையான புரதம், "பெருகு, பெருகு" என்று உயிரணுவை ஓயாமல் ஏவுகிறது. அப்புரதத்தை அடக்கும் இமாட்டினிப் மாத்திரைக்கு 2001இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. முன்பு சில ஆண்டுகளே வாழ்ந்த நோயாளிகளில் பெரும்பாலோர் இன்று மாத்திரையை விழுங்கிவிட்டு வேலைக்குச் செல்கின்றனர்.

ஒரு பிழையைக் கண்டறிந்து அதற்குரிய மாத்திரையைத் தர நாற்பது ஆண்டுகள் ஆயின! அதே மாத்திரை வயிற்றிலும் குடலிலும் தோன்றும் அரிய கட்டி ஒன்றுக்கும் பலனளிக்கிறது. அங்கும் அதனால் அடங்கும் ஒரு புரதமே குற்றவாளி. நுரையீரல் புற்றுநோயாளிக்கோ அது உதவுவதில்லை. இரத்தப் புற்றுநோயாளிகளிலேயே சிலரிடம் அப்புரதம் தன் வடிவைச் சற்றே மாற்றிக்கொள்கிறது. உடனே வேறு மருந்து தேட வேண்டியதாகிறது.

இன்னொரு தடையும் உண்டு. கிருமி வெளியிலிருந்து வருவது. புற்றணுவோ நம் சொந்த உயிரணு. விரைந்து பெருகும் அணுக்களையெல்லாம் தாக்கும் கீமோதெரபி மருந்து, முடியின் வேரையும் குடலின் உட்சுவரையும் எலும்பு மஜ்ஜையையும் சேர்த்தே தாக்குகிறது. முடி உதிர்வது இதனால்தான்.

பொது வழி தேடுவோர் இல்லாமல் இல்லை. எந்த உறுப்பில் தோன்றினாலும் குறிப்பிட்ட மரபணு அடையாளம் இருந்தால் தரலாம் என்று, நோய் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் பெம்ப்ரோலிசுமாப் மருந்தை 2017இல் அமெரிக்கா அனுமதித்தது. பெரிய முன்னேற்றம்தான். எனினும் அந்த அடையாளம் உள்ளவர் மிகச் சிலரே.

அனைத்துக்கும் ஒரே மருந்து என்ற வாக்குறுதி ஏமாற்றிய வரலாறும் உண்டு. 1970களில் அமெரிக்காவில், ஆப்ரிகாட் பழக்கொட்டையிலுள்ள பொருளைக் கொண்டு லேட்ரில் என்னும் மருந்து விற்கப்பட்டது. 178 நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த முடிவு 1982இல் வெளியாயிற்று: ஒருவரும் குணமாகவில்லை, சிலரது இரத்தத்தில் சயனைடு நச்சு அபாய அளவை நெருங்கியிருந்தது.

கருஞ்சீரகம் பற்றிய நபிமொழி உங்கள் நினைவுக்கு வரும். அதன் சொல் பொதுவானதாயினும் பொருள் சில நோய்களையே குறிக்கும் என்று முற்கால விரிவுரையாளர் சிலரே விளக்கியுள்ளனர். தாராளமாக உண்ணுங்கள், மருத்துவரிடம் சொல்லிவிட்டு உண்ணுங்கள். அதை நம்பிச் சிகிச்சையை நிறுத்தும் மாதங்களில் கட்டி காத்திருப்பதில்லை. அறுவை சிகிச்சையில் முடிந்திருக்கக்கூடிய நோய் கல்லீரலுக்குப் பரவிய பின்னர், நகையை விற்றுக்கொண்டு ஓடுவதில் என்ன பயன்?

உங்கள் வீட்டில் ஒருவருக்கு இந்நோய் வந்தால், "இதற்கு மருந்து உண்டா?" என்பதற்கு முன் "இது எந்த வகை? எந்தக் கட்டம்?" என்று மருத்துவரிடம் கேளுங்கள். கத்தி பட்டால் பரவிவிடும் என்று பயாப்சியைத் தள்ளிப்போடாதீர்கள்; அந்த அச்சம் பெரும்பாலும் ஆதாரமற்றது. அறிக்கை வரத் தாமதமானால் சலித்துக்கொள்ளவும் வேண்டாம். எடுத்த துண்டுக்குச் சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்த்து, மரபணுவைச் சோதித்து, எந்த மருந்து பொருந்தும் என்று அந்நாட்களில்தான் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.