கன்னியா வெந்நீர் ஊற்றில் ஒரு நாள்
(வட்டவடையில் கூடிய அங்கத்தினர் குடும்பங்களிடையே ஆற்றிய உரை)



பூண்டுக்குப் பேர்போன வட்டவடையில் நம்மவர்கள் கூடியிருப்பதே ஒரு வேடிக்கைதான். இங்கே காலையில் குழாயைத் திறந்தால் கை விறைக்கிறது. அதனால்தானோ என்னவோ, இலங்கை யாத்திரையில் பார்த்த வெந்நீர் ஊற்றைப் பற்றிப் பேசும்படி அமைப்பாளர்கள் கேட்டுக்கொண்டார்கள்.

திருகோணமலை திருஞானசம்பந்தரின் பாடல் பெற்ற ஸ்தலம். கோணேஸ்வர தரிசனம் முடித்து, அனுராதபுரம் செல்லும் சாலையில் சுமார் எட்டு கிலோமீட்டர் போனால் கன்னியா. நானும் என் மனைவியும் காலையில் போய் மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிட்டோம். அங்கே சதுரமாகக் கட்டிய ஏழு சிறு கிணறுகள் உள்ளன. நாலு அடி ஆழம்கூட இருக்காது. கிணற்றுக்குள் இறங்குவதில்லை, வாளியால் மொண்டு தலையில் ஊற்றிக்கொள்ள வேண்டும். ஒரு கிணற்றின் சூடு மற்றொன்றில் இல்லை. ஒன்று வெதுவெதுப்பு, அடுத்தது நம் அகத்துத் தவலை வெந்நீர் மாதிரி. ஏழிலும் ஊற்றிக்கொண்டு வந்தபின் முழங்கால் வலி சற்று மறந்தது உண்மை. அது ஊற்றின் மகிமையா, வெந்நீரின் பொதுக் குணமா என்று கேட்டால், விஞ்ஞானம் படித்தவன் என்ற முறையில் இரண்டாவது என்றுதான் சொல்வேன்.

இந்தச் சூடு எங்கிருந்து வருகிறது? இலங்கையில் எரிமலை இல்லை. மழைநீர் பாறைப் பிளவுகள் வழியே கீழே இறங்குகிறது. பூமிக்குள் ஒரு கிலோமீட்டர் ஆழம் போனால் சுமார் 25 முதல் 30 டிகிரி சூடு கூடும். அப்படிச் சூடான நீர் வேறொரு பிளவு வழியே மேலே வந்துவிடுகிறது. கந்தகம்தான் சூட்டுக்குக் காரணம் என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். கந்தக வாசனை சில ஊற்றுகளில் உண்டு. ஆனால் சூடு பூமியுடையது. நம் பத்ரிநாத்தின் தப்த குண்டம், ராஜ்கீர், அரிசி வேகும் அளவு கொதிக்கும் மணிகரண் எல்லாவற்றுக்கும் அடிப்படை இதுதான். வங்காளத்து பக்ரேஸ்வரில் ஹீலியம் வாயுவும் சேர்ந்து வருகிறது. பாறையில் உள்ள யுரேனியம், தோரியம் சிதைவதால் உண்டாவது அது.

ஜப்பானில் 1948-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பூமியிலிருந்து வரும் நீர் 25 டிகிரி இருந்தாலே வெந்நீர் ஊற்றாம். அந்தக் கணக்கில் பார்த்தால் மே மாதத்துச் சென்னையில் ஆழ்துளைக் கிணறு வைத்திருப்பவர்கள் எல்லோரும் பாக்கியசாலிகள்!

கன்னியாவுக்கு ஒரு ஸ்தல வரலாறு உண்டு. இராவணனின் தாயார் காலமான செய்தியைத் திருமால் ஒரு முதிய அந்தணர் வடிவில் வந்து அவனுக்குச் சொன்னாராம். கர்மாவை அங்கேயே செய்யச் சொல்லி, கோலை ஏழு இடங்களில் ஊன்ற, ஏழு ஊற்றுகள் பிறந்தனவாம். ஆகவே அந்தப் பிரதேசத் தமிழர்களுக்கு அது உல்லாசத் தலமல்ல. பெற்றோருக்கு அந்தியேட்டி செய்யும் தீர்த்தம். ஆடி அமாவாசையில் பிதுர் கடன் செய்ய வருகிறார்கள். யுத்தத்தில் எத்தனையோ பேரை இழந்த ஜனங்கள் அவர்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். அங்கிருந்த பிள்ளையார் கோயில் நிலத்தில் பௌத்தக் கட்டடம் எழுப்பும் முயற்சியை எதிர்த்து 2019 ஜூலையில் தமிழர்கள் போராடினார்கள். விவகாரம் நீதிமன்றம் வரை போயிற்று. தீர்த்தத்துக்கு எல்லா மதத்தினரும் வருகிறார்கள், வரட்டும். ஆனால் தலைமுறை தலைமுறையாகத் தாய் தந்தைக்குக் கர்மா செய்தவர்களுக்கு அங்கே இடமில்லாமல் போகக்கூடாது. கயைக்கும் ராமேஸ்வரத்துக்கும் போகும் நமக்கு இந்த வேதனை எளிதில் புரியும். வேடிக்கை பார்க்கப் போகிற நாம், பக்கத்தில் ஒருவர் ஈரத்துணியோடு துக்கத்தில் நிற்கலாம் என்பதை மனதில் வைத்து, குரலையும் காமிராவையும் அடக்கிக்கொள்ள வேண்டும்.

நம் வயதுக்காரர்களுக்குச் சில வார்த்தைகள். வெந்நீரில் ரத்தக்குழாய்கள் விரிந்து ரத்த அழுத்தம் இறங்கும். அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். எங்கே போனாலும் பத்து நிமிஷம் போதும். துணைக்கு ஒருவர் அருகில் இருக்கட்டும். சர்க்கரை வியாதிக்காரர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைவாக இருக்கலாம். சூட்டை முழங்கையால் பார்த்துவிட்டு அப்புறம் காலை வையுங்கள். சாப்பிட்டவுடன் குளிக்க வேண்டாம்.

இன்னொன்று, முக்கியமானது. 2024, 2025 ஆண்டுகளில் இதே கேரளத்தில் அமீபா மூளைக்காய்ச்சல் பற்றிப் படித்திருப்பீர்கள். அந்த அமீபாக்களில் ஒரு வகைக்கு வெதுவெதுப்பான நன்னீர் மிகவும் பிடிக்கும். குடித்தால் ஆபத்தில்லை, மூக்கு வழியாக ஏறினால்தான் மூளையைத் தாக்கும். அபூர்வம்தான், ஆனால் வந்தால் உயிருக்கே ஆபத்து. தீர்த்தம் என்றால் மூன்று முழுக்குப் போடாமல் நமக்கு மனம் ஆறாது. வெந்நீர்க் குண்டங்களில் மட்டும் அதை விட்டுவிட்டு, மூக்கில் ஏறாமல் தோளில் ஊற்றிக்கொண்டு, தலையில் கொஞ்சம் புரோக்ஷணம் செய்துகொள்ளுங்கள். பேரக் குழந்தைகளுக்கும் சொல்லிவையுங்கள். முழுகாதவனுக்குப் புண்ணியம் இல்லை என்று எந்த பிதுர் தேவதையும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இலங்கைக்குப் போகிறவர்கள் கண்டி, நுவரெலியாவோடு நின்றுவிடாமல் திருகோணமலைக்கும் ஒரு நாள் ஒதுக்குங்கள். ஈசனைத் தரிசித்து, ஏழு கிணற்றிலும் ஊற்றிக்கொண்டு, முன்னோரையும் ஒரு நிமிஷம் நினைத்துவிட்டு வாருங்கள்.