ஆற்றின் கணக்கையும் எழுதுங்கள்

பனியன் கம்பெனியில் ஷிப்ட் முடித்துவிட்டு நேராக இங்கே வந்து நிற்கும் தோழர்களே, நொய்யல் கரையிலிருந்து பஸ் பிடித்து வந்திருக்கும் விவசாயிகளே!

உங்கள் இரு தரப்பையும் ஒரே பந்தலில் உட்கார வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. முப்பது ஆண்டுகளாக உங்களுக்கு ஒரு பொய்யைச் சொல்லி வந்திருக்கிறார்கள். தொழில் வேண்டுமென்றால் ஆற்றை மறந்துவிடு. ஆறு வேண்டுமென்றால் வேலையை மறந்துவிடு. அதைச் சொல்லியே விவசாயியையும் தொழிலாளியையும் எதிரெதிரே நிறுத்தினார்கள். அந்தப் பொய் இந்த மண்ணிலேயே, நம் கண் முன்னாலேயே உடைந்து போய்விட்டது. அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவையையும் திருப்பூரையும் கடந்து, கரூர் மாவட்டத்தில் காவிரியோடு சேருகிற ஆறு நொய்யல். அதன் குறுக்கே 1992-ல் ஒரத்துப்பாளையத்தில் அணை கட்டினார்கள். பத்தாயிரம் ஏக்கருக்கு மேல் பாசனம் என்றார்கள். அணை நிறைந்தது. எதனால்? திருப்பூரின் சாயக்கழிவால்! அணை கேட்டுப் போராடுகிற விவசாயியைப் பார்த்திருக்கிறோம். எங்கள் அணையில் தண்ணீர் தேக்காதே என்று கெஞ்சிய விவசாயியை வேறெங்கே பார்த்தோம்? தேக்கினால் சுற்றிலும் இருக்கிற கிணறு கெட்டது. திறந்துவிட்டால் கீழே கரூர் வரைக்கும் கெட்டது.

என்ன கெட்டது என்று சாயப்பட்டறையில் வேலை பார்த்த தோழர்களுக்குத் தெரியும். பருத்தித் துணியில் சாயம் பிடிக்க உப்புப் போட வேண்டும். மூட்டை மூட்டையாகப் போட வேண்டும். அந்த உப்பில் எவ்வளவு துணியோடு போகிறது? ஒன்றும் போவதில்லை. அத்தனையும் அலசுகிற தண்ணீரோடு வெளியே வந்துவிடும். நிறத்தை எடுத்துவிடலாம், நாற்றத்தைக் கூடப் போக்கிவிடலாம். உப்பு மட்டும் அப்படியே நிற்கும். கண்ணாடி டம்ளரில் பிடித்துக் காட்டினால் தெளிந்த தண்ணீர். வயலுக்குப் பாய்ச்சினால் மண்மேல் வெள்ளையாகப் பூக்கும், விதை முளைக்காது, தொட்டியில் ஊற்றினால் மாடு வாய் வைக்காது. தெளிந்த தண்ணீர்தானே விடுகிறோம் என்று பல ஆண்டுகள் வாதாட முடிந்ததற்கு இதுதான் காரணம்.

ஆற்றைக் கெடுத்த பிறகு இந்த ஊர் தண்ணீருக்கு என்ன செய்தது? பவானியிலிருந்து குழாய் போட்டுக் கொண்டுவந்தது. ஒரு ஆற்றைக் கொன்றுவிட்டு அடுத்த ஆற்றில் கை வைப்பதற்குப் பெயர் வளர்ச்சி என்றால், மூன்றாவது ஆற்றுக்கு எங்கே போவது?

நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் சங்கமாகத் திரண்டு உயர் நீதிமன்றம் போனார்கள். பட்டறை முதலாளிகள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் விவசாயிகள் பக்கம் நின்றது. மாசு செய்தவரே அதற்கான விலையைக் கொடுக்க வேண்டும் என்றது. அதன் பிறகும் உப்புத் தண்ணீர் நிற்கவில்லை. 2011 ஜனவரி 28 அன்று எல்லாச் சாய, சலவைப் பட்டறைகளையும் மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள்!

அந்த மாதங்களை நான் லேசாகப் பேச மாட்டேன். வாடகை கொடுக்க முடியாமல் வீட்டைக் காலி செய்துவிட்டு ஊருக்குப் போன குடும்பங்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கலாம். முதலாளி செய்த குற்றத்துக்கு முதலில் பட்டினி கிடந்தவர் தொழிலாளி. திருப்பூர் முடிந்தது, இனி எழாது என்று எல்லோரும் எழுதினார்கள்.

திருப்பூர் முடிந்ததா? முடியவில்லை. ஒரு சொட்டுக் கழிவும் வெளியே போகக் கூடாது என்ற நிபந்தனையை ஏற்றுக்கொண்ட பிறகுதான் பட்டறைகள் திறந்தன. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு மாநில அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்தது. ஆர்.ஓ. வந்தது, ஆவியாக்கும் கலன் வந்தது, மீட்ட தண்ணீரும் மீட்ட உப்புக் கரைசலும் திரும்பச் சாயத்தொட்டிக்கே போகின்றன. 2024-25-ல் திருப்பூரின் ஏற்றுமதி ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய். பட்டறைகள் மூடப்பட்ட நேரத்தோடு ஒப்பிட்டால் ரூபாய்க் கணக்கில் ஏறத்தாழ மூன்று மடங்கு. முடியவே முடியாது என்றார்களே, அது எப்படி முடிந்தது? அதுவரை முடியாமல் இருந்ததற்கு ஒரே காரணம், ஆற்றில் விடுவது இலவசமாக இருந்ததுதான்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. பிரித்தெடுத்த கலப்பு உப்பை என்ன செய்வதென்று தெரியாமல் நிலையங்களில் குவித்து வைத்திருக்கிறார்கள். மழை பெய்கிற இரவில் யாரோ திறந்துவிடுகிற சாயத் தண்ணீர் இன்னும் ஓடையில் வருகிறது. இங்கே கதவடைத்தவர்களில் சிலர் வேறு ஊரில், வேறு ஆற்றங்கரையில், அனுமதியில்லாமல் தொட்டி கட்டினார்கள். கெட்டுப் போன கிணறு கெட்டபடியே கிடக்கிறது.

நொய்யல் மட்டுமல்ல, வேலூர்ப் பக்கம் பாலாற்றுக்குப் போய்ப் பாருங்கள். அங்கே தோல் பதனிடும் தொழில். 1991-ல் போட்ட வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ பாழாகிவிட்டது என்று அந்தத் தீர்ப்பிலேயே எழுதியிருக்கிறது. திண்டுக்கல் பக்கம் 13 கிராமங்களில் 467 கிணறுகளைப் பார்த்ததில் 350 கெட்டுப் போயிருந்தன என்பதும் அதில் இருக்கிறது. நாடெங்கும் சட்டக் கல்லூரிகளில் அந்தத் தீர்ப்பைப் பாடமாக நடத்துகிறார்கள். வேலூர் விவசாயிக்கு என்ன கிடைத்தது? 2025 ஜனவரியில் அதே உச்ச நீதிமன்றம் மறுபடியும் தலையிட்டு, பாதிக்கப்பட்டவர்களுக்கு அரசு முதலில் இழப்பீட்டைக் கொடு, பிறகு மாசு செய்தவர்களிடம் வசூல் செய் என்று சொல்ல வேண்டி வந்தது. வழக்குப் போட்டு 34 ஆண்டுகள்! அன்று கைக்குழந்தையோடு நீதிமன்றம் போன தாய் இன்று பாட்டி.

வளர்ச்சி விகிதம் இத்தனை சதவீதம் என்று ஆண்டுதோறும் அறிவிக்கிறார்கள். மகிழ்ச்சி. நானும் வளர்ச்சி வேண்டும் என்கிறவன்தான். வேலையில்லாத ஊரின் வேதனை எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் கணக்கை எப்படிப் போடுகிறார்கள் என்று கேளுங்கள். கிணறு நன்றாக இருந்து, சொந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்தால் கணக்கில் ஒன்றும் ஏறாது. கிணறு கெட்டது, திருச்செங்கோட்டு ரிக் வண்டியை வரவழைத்து ஆயிரம் அடி போர் போட்டோம், கணக்கு ஏறியது. அதிலும் உப்பு; கேன் தண்ணீர் வாங்கினோம்; கணக்கு ஏறியது. வயிற்றுவலி என்று தனியார் மருத்துவமனைக்குப் போனோம், இன்னும் ஏறியது. நம் இழப்பெல்லாம் அங்கே வரவு! இருப்பில் இருந்த ஆறும் மண்ணும் குறைந்ததை அந்தக் கணக்கில் கழிப்பதில்லை. கடையில் சரக்கு தீர்ந்ததைக் கழிக்காமல் கல்லாப் பணத்தை மட்டும் எண்ணி லாபம் என்று சொல்கிற வியாபாரியை நம் ஊரில் யாரும் நம்ப மாட்டார்கள். அரசாங்கம் சொன்னால் மட்டும் ஏன் நம்ப வேண்டும்?

ஆகவே நான் கேட்கிறேன். புதிய தொழிற்சாலை வரட்டும். ஒரே வாரத்தில் அனுமதி கொடுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. தண்ணீர் எந்த ஆற்றிலிருந்து வரும், கழிவு எங்கே போகும், அதைச் சுத்தம் செய்கிற செலவு யாருடையது என்பதை அந்த அனுமதித் தாளிலேயே எழுதுங்கள். அந்தச் செலவு துணியின் விலையில் ஏறட்டும். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அந்தச் சட்டையைப் போடுகிறவர் கொடுக்கட்டும். நொய்யல் பக்கத்துச் சென்னிமலைக்காரரும் காங்கேயத்துக்காரரும் தங்கள் கிணற்றால் அதைக் கொடுத்தது போதும்!

மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் எடுக்கிற தண்ணீர்ப் பரிசோதனை முடிவு ஒவ்வொரு ஊராட்சி அலுவலகச் சுவரிலும் தமிழில் ஒட்டப்பட வேண்டும். இது பெரிய கோரிக்கை இல்லை. செலவும் இல்லை. இன்றுவரை அது நடக்கவில்லை என்றால், நாம் கேட்கவில்லை என்பதும் ஒரு காரணம்.

மார்ச் 22, உலகத் தண்ணீர் தினம், கிராம சபை கூடும் நாள். கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். உங்கள் கிணற்றுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு போங்கள். கழிவு விடுகிற பட்டறை எது, அதை யார் எப்போது சோதித்தார், என்ன அளவு வந்தது என்று எழுந்து நின்று கேளுங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். தொழிலாளித் தோழர்களே, அன்று விவசாயிக்குப் பக்கத்தில் நீங்களும் நில்லுங்கள். அவருடைய ஆறு ஓடினால்தான் உங்கள் பட்டறைக்கு இனி ஒருமுறை பூட்டு விழாது.