கேட்டுவிட்டுக் கொடுப்போம்



நூற்றாண்டு நிதியில் வன்னிக் கிராமமொன்றுக்கு என்ன வாங்குவதென்று நாம் மூன்று கூட்டங்களில் பேசிவிட்டோம். அந்த ஊரார் ஒருவரும் அவற்றில் இருக்கவில்லை.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் படித்த மேபல், ரஜனிகாந்த் ஆரோலே தம்பதியர் 1970இல் கிறிஸ்தவ ஊழியமாக மகாராஷ்டிராவின் ஜாம்கேட்டுக்குப் போனார்கள். மக்கள் முதலில் கேட்டது மருந்தல்ல, உணவும் தண்ணீரும். கிணறுகள் தோண்டப்பட்டன. அனுப்பிய தாதியர் கிராமங்களில் நிலைக்கவில்லை. எழுத்தறியாத ஊர்ப் பெண்களையே பிரசவம் பார்க்கவும் குழந்தைகளை நிறுத்துப் பார்க்கவும் பழக்கினார்கள். வைத்தியர்களான எங்களுக்கு இது இலேசில் செரிக்காது. ஸ்கான் இயந்திரம் வாங்குவோம் என்று முன்மொழிந்ததும் நாங்கள்தானே!

காசோலை எழுதுமுன், நம்மில் இருவர் போய் அந்த ஊர்த் தாய்மாரிடம் கேட்டுவரட்டும்.