பழைய அமெரிக்கக் காசுகளைச் சேர்க்க விரும்புவோருக்கு



நாணயம் சேர்ப்பது பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்று நம் தோட்டங்களில் பலர் எண்ணுகிறார்கள். செய்தித்தாளில் வருவதைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். 1933ஆம் ஆண்டில் அடிக்கப்பட்ட இருபது டாலர் அமெரிக்கப் பொற்காசு ஒன்று, 2021ஆம் ஆண்டு நியூயார்க்கில் நடந்த ஏலத்தில் 1 கோடியே 88 இலட்சம் டாலருக்கு மேல் விலை போயிற்று. அந்த ஆண்டு அடித்தவை 4,45,500 காசுகள். ஆனால் அதே ஆண்டில் அதிபர் ரூஸ்வெல்ட், மக்கள் தம்மிடமுள்ள தங்கத்தை அரசாங்கத்திடம் ஒப்படைக்க வேண்டும் என்று ஆணையிட்டதால், அக்காசுகள் புழக்கத்திற்கு வராமலேயே உருக்கப்பட்டன. தப்பியவை மிகச் சில. விலை ஏறியதற்கு அதுதான் காரணம். காசு பழையது என்பதனால் அன்று.

இத்தகைய செய்தி காதில் விழுந்ததும் பெட்டியைத் திறந்து துழாவுகிறவர்கள் உண்டு. அதில் நட்டம் ஒன்றுமில்லை. ஆனால் பாசார் மாலாமில் துணி விரித்து விற்கிறவனிடம் ‘பழைய அமெரிக்க வெள்ளி’ என்று பெரிய வட்டக் காசு ஒன்றைச் சம்பளப் பணத்தில் வாங்கி வருகிறவர்களும் உண்டு. அவர்களை மனத்தில் வைத்துத்தான் இன்று பேச வந்தேன்.

அப்படி நம் பக்கத்துச் சந்தைகளில் அதிகம் காணப்படுவது ‘ட்ரேட் டாலர்’ எனப்படும் வணிக வெள்ளி. இதன் கதையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். கதை தெரிந்தவரை ஏமாற்றுவது கடினம்.

சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில், சீனத்து வியாபாரிகள் மெக்சிகோ நாட்டு வெள்ளிக் காசையே நம்பி வாங்கினார்கள். தேயிலையும் பட்டும் வாங்கப் போன அமெரிக்க வணிகர்கள், முதலில் மெக்சிகோக் காசைக் கூடுதல் விலை கொடுத்து வாங்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது. அமெரிக்காவின் நெவாடாப் பகுதியிலோ வெள்ளிச் சுரங்கங்கள் ஏராளமாக விளைந்துகொண்டிருந்தன. ஆகவே 1873ஆம் ஆண்டில் கிழக்கு நாட்டு வணிகத்திற்கென்றே ஒரு காசு அடிக்கச் சட்டம் செய்தார்கள். உள்நாட்டு வெள்ளி டாலரின் எடை நானூற்றுப் பன்னிரண்டரை கிரெயின். வணிக வெள்ளியின் எடை 420 கிரெயின், அதாவது 27.22 கிராம். அதில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வெள்ளி, மீதி செம்பு. ஒரு பக்கத்தில் சரக்கு மூட்டைகளின்மேல் அமர்ந்த ஒரு பெண், மறுபக்கத்தில் கழுகு. கழுகின் அடியில் எடையும் தரமும் ‘420 கிரெயின்ஸ், 900 ஃபைன்’ என்று எழுத்திலேயே பொறிக்கப்பட்டிருக்கும். வாங்குகிறவனுக்கு ஐயம் வரக்கூடாது அல்லவா?

இக்காசு சீனத்திற்கும் போயிற்று. சிங்கப்பூர், பினாங்குத் துறைமுகங்களிலும் புழங்கிற்று. நாம் இன்றும் ரிங்கிட்டை ‘வெள்ளி’ என்றுதானே சொல்கிறோம்? காசு மெய்யாகவே வெள்ளியாக இருந்த காலத்தின் சொல் அது. கைமாறும்போது சீனக் கடைக்காரர் காசைச் சோதித்து, நல்லது என்று கண்டால் தம் கடையின் சிறு முத்திரையை அதன்மேல் குத்திவிடுவார். இப்படிக் குத்துப்பட்ட காசுகளைச் சிலர் கெட்டுப்போனவை என்று ஒதுக்குகிறார்கள். எனக்கு அவற்றின்மேல்தான் ஆசை. எத்தனை கை மாறிற்று என்பதைக் காசே சொல்கிறது.

இனி அமெரிக்காவில் நடந்ததைக் கேளுங்கள். வெள்ளியின் விலை இறங்கவே, வெளிநாட்டுக்கென்று அடித்த காசுகள் உள்நாட்டிலும் பரவின. 1876ஆம் ஆண்டில் ‘இது சட்டப்படி செல்லும் பணமன்று’ என்று நாடாளுமன்றம் அறிவித்துவிட்டது. காசு ஒரு டாலர் பெறாது என்றான பிறகு, சில முதலாளிகள் அவற்றைக் குறைந்த விலைக்கு மொத்தமாக வாங்கி, தொழிலாளர்களின் சம்பள உறையில் ஒன்றுக்கு ஒரு டாலர் கணக்கிட்டுப் போட்டார்கள். தொழிலாளி அதைக் கடைக்குக் கொண்டுபோனால், கடைக்காரர் வெள்ளியின் விலைக்குத்தான் எடுத்துக்கொள்வார். எண்பது, தொண்ணூறு காசு பெறுவதை ஒரு டாலர் என்று வாங்கியவனுக்கு மீதி யார் கொடுப்பது? சம்பள நாளில் கையில் வந்ததும் கடையில் செல்வதும் வேறு வேறாக இருந்தால் என்ன ஆகும் என்பதைத் தோட்டத்தாருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

1887ஆம் ஆண்டில்தான் அரசாங்கம் இறங்கிவந்து, ஆறு மாதத் தவணை வைத்து, முழு விலைக்கு இவற்றை மாற்றிக் கொடுத்தது. அதற்குள் பலர் கிடைத்த விலைக்கு விற்றுத் தொலைத்திருந்தார்கள். முத்திரை குத்தியவற்றை அரசாங்கம் ஏற்கவுமில்லை.

இப்போது சந்தைக்கு வருவோம். புழக்கத்திற்காக அடித்த வணிக வெள்ளிகளில் 1873 முதல் 1878 வரையிலான ஆண்டுகளே இருக்கும். பிறகு 1885 வரை சேகரிப்பாளர்களுக்கென்று மிகச் சில காசுகள் மட்டும் அடித்தார்கள். ஆகவே 1799 என்றோ 1872 என்றோ போட்ட வணிக வெள்ளி ஒன்றை எவராவது நீட்டினால், அது பிறப்பதற்கு முன்பே பிறந்த பிள்ளை! பேசாமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அப்படிப்பட்டவை மெய்யாகவே விற்கப்படுகின்றன.

ஆண்டு சரியாக இருந்தால் காந்தத்தைக் காட்டுங்கள். வெள்ளி காந்தத்தில் ஒட்டாது. ஒட்டாததெல்லாம் வெள்ளி என்றும் முடிவு கட்டக்கூடாது. பித்தளையும் ஈயமும்கூட ஒட்டுவதில்லை. அடுத்தபடி, நகைக்கடையில் நிறுத்துப் பாருங்கள். சற்றுத் தேய்ந்த காசு 27 கிராம் அளவில் இருக்கலாம். 22, 23 கிராம் என்றால் போலிதான்.

மாணவர்கள் இன்னொரு சோதனையும் செய்யலாம். நூறில் ஒரு பங்கு கிராம் வரை காட்டும் சிறு மின் தராசின்மேல் ஒரு குவளைத் தண்ணீரை வைத்து, தராசைச் சுழிக்குக் கொண்டுவாருங்கள். காசை நூலில் கட்டித் தண்ணீரில் முழுதும் அமிழ்த்துங்கள். அடியிலும் பக்கத்திலும் தொடக்கூடாது. இப்போது தராசு காட்டுவது காசு ஒதுக்கிய தண்ணீரின் எடை. காசின் எடையை அந்த எண்ணால் வகுத்தால், தொண்ணூறு பங்கு வெள்ளிக்கு ஏறத்தாழ 10.3 வரும். வணிக வெள்ளியானால் தராசு 2.64 கிராமை ஒட்டிக் காட்டும். பித்தளையென்றால் விடை எட்டரைக்கு அருகில் நின்றுவிடும். ஆர்க்கிமிடீஸ் விதியைப் பிள்ளைகள் இதைவிட எளிதாகக் கற்க வழியில்லை.

வணிக வெள்ளிக்கு அடுத்தபடி புகழ்பெற்றது மோர்கன் டாலர். 1878 முதல் 1904 வரையிலும், பின்பு 1921இலும் அடிக்கப்பட்டது. இதன் எடை 26.73 கிராம். இதற்கும் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. முதல் உலகப் போரின்போது இந்தியாவில் ரூபாய்க்கு வெள்ளி போதவில்லை. 1918ஆம் ஆண்டில் அமெரிக்கா பிட்மன் சட்டம் என்ற ஒன்றை இயற்றி, 27 கோடி வெள்ளி டாலர்களை உருக்கி, பெரும்பகுதியை இந்தியாவுக்காகப் பிரிட்டனுக்கு விற்றது. அந்த வெள்ளி அங்கே ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் ரூபாயாக மாறியது. கப்பலேறி வந்த உங்கள் பாட்டியின் முடிப்பில் 1918, 1919ஆம் ஆண்டு ரூபாய் இருந்தால், அதில் மோர்கன் டாலரின் வெள்ளி கலந்திருக்கவும் கூடும்.

மோர்கனில் 1893ஆம் ஆண்டு சான்பிரான்சிஸ்கோவில் அடித்தது ஓர் இலட்சம்தான். அதன் அடையாளம் பின்பக்கத்திலுள்ள ‘எஸ்’ என்ற சிறிய எழுத்து. அதே ஆண்டுப் பிலடெல்பியாக் காசில் எழுத்தே இருக்காது. அதில் ஒரு ‘எஸ்’ஸை ஒட்டி விற்கிற கெட்டிக்காரர்களும் இருக்கிறார்கள்! எனவே விலையுயர்ந்த காசை, தக்க நிறுவனம் சோதித்து உறையிட்டுத் தந்தாலன்றி வாங்காதீர்கள். அந்த உறைக்கும் போலி உண்டு. உறையின் எண்ணை நிறுவனத்தின் பதிவோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

அப்படியானால் நம்மவர் எதில் தொடங்குவது? ஒரு சென்ட் காசில். 1909 முதல் 1958 வரை லிங்கன் தலையும், பின்புறம் இரண்டு கோதுமைக் கதிர்களும் கொண்ட செம்புக் காசுகள் வந்தன. சாதாரண ஆண்டுகளின் காசுகள் சொற்ப விலைக்குக் கிடைக்கும். 1943ஆம் ஆண்டு மட்டும் போருக்குச் செம்பு தேவைப்பட்டதால் துத்தநாகம் பூசிய எஃகில் அடித்தார்கள். அது காந்தத்தில் ஒட்டும். அந்த ஆண்டில் தவறுதலாகச் செம்பில் அடிபட்ட சில காசுகளுக்குப் பெரும் விலை உண்டு என்பதால், எஃகுக் காசுக்குச் செம்பு முலாம் பூசி விற்பார்கள். அங்கும் காந்தம் உதவும்.

‘இந்தியத் தலைக் காசு’ என்று 1859 முதல் 1909 வரை ஒரு சென்ட் உண்டு. பெயரைக் கேட்டு நம்மவர் என்று எண்ணிவிட வேண்டாம். அமெரிக்கப் பழங்குடியினரின் இறகு முடியை அணிந்த சுதந்திர தேவியின் உருவம் அது. 1942 முதல் 1945 வரையிலான போர்க்கால ஐந்து சென்ட்டும் நல்ல தொடக்கம். கட்டடத்தின் கூரைக்கு மேல் பெரிய எழுத்தொன்று இருந்தால், அதில் நூற்றுக்கு 35 பங்கு வெள்ளி உண்டு. பத்து, இருபத்தைந்து, ஐம்பது சென்ட் காசுகளில் 1964 வரையிலானவை தொண்ணூறு பங்கு வெள்ளி.

தாய்மார்களிடம் ஒரு வேண்டுகோள். குத்துவிளக்கைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்ப்பது போலக் காசைத் தேய்த்துவிடாதீர்கள். கறுப்பு ஏறிய பழைய காசுக்கு ஒரு விலை; பளபளவென்று தேய்த்த காசுக்கு அதில் பாதிகூடக் கிடைக்காது. தேய்த்த கீறல் பூதக்கண்ணாடியில் தெரிந்துவிடும். விரலால் முகத்தைத் தொடாமல் விளிம்பைப் பிடித்து எடுங்கள். மெல்லிய நெகிழிப் பைகள் சில, நம் ஈரக் காற்றில் காசின்மேல் பச்சைப் பிசினைக் கட்டிவிடும். உலர்ந்த தாள் உறையே மேல். உறையின்மேல் ஆண்டு, எழுத்து, எடை, வாங்கிய இடம், கொடுத்த விலை எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். காசை உள்ளே போடுவதற்கு முன்பே எழுதிவிட வேண்டும்; பிறகு எழுதினால் பேனாவின் அழுத்தம் காசில் படும்.