அரசே வழக்கை வாபஸ் வாங்கினால் கோர்ட்டு தடுக்குமா?

(சங்கக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)



போன கூட்டத்தில் ஒரு பெரியவர் கேட்டார்: "ஏரி ஆக்கிரமிப்புக்கு அரசாங்கம் போட்ட வழக்கை அரசாங்கமே வாபஸ் வாங்கினா கோர்ட்டு விடுமா?" வக்கீலிடம் கேட்டு வந்திருக்கிறேன். பெரும்பாலும் விட்டுவிடும்ங்க.

மறியல் பண்ணினதுக்கு நம்ம மேல போடுற கிரிமினல் கேஸ் வேற. அதை அரசு திரும்பப் பெற கோர்ட்டு சம்மதம் வேணும். சிவில் வழக்கு அப்படியில்லை. போட்டவர் எப்ப வேணும்னாலும் கைவிடலாம் என்கிறது சிவில் நடைமுறைச் சட்டம், 23-வது கட்டளை. மறுபடியும் அதே வழக்கைப் போடணும்னா மட்டும் முன்கூட்டியே கோர்ட்டு அனுமதி வாங்கணும். வாங்காம விட்டா அத்தோடு சரி.

இதில் அடிபட்டவங்க நாமதான். 1971-ல் கர்நாடகா அணை கட்டுவதை எதிர்த்து, நடுவர் மன்றம் கேட்டு, தமிழக அரசு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. பேசித் தீர்க்கலாம் என்று பிரதமர் இந்திரா காந்தி சொல்ல, 1972-ல் வாபஸ். பேசினார்கள், பேசினார்கள், பேசிக்கொண்டே இருந்தார்கள். அங்கே கபினியும் ஹேமாவதியும் எழும்பி நின்றன. இங்கே மேட்டூர் கிழக்கு, மேற்குக் கரை வாய்க்காலை நம்பின 45,000 ஏக்கர்க்காரங்க, பேப்பரில் அணை மட்டம் பார்த்து நாற்று விடுறோம்.

அப்புறம் கோர்ட்டுக்குப் போனது யாரு? டெல்டா விவசாயிகள் சங்கம், 1983-ல். அரசு முறைப்படி நடுவர் மன்றம் கேட்டதே 1986-ல்தான். அந்தச் சங்கத்து வழக்கை அரசும் ஆதரித்தது, அதையும் சொல்லணும். 1990 மே 4-ல், ஒரு மாசத்துக்குள் நடுவர் மன்றம் அமைக்கச் சொல்லி சுப்ரீம் கோர்ட்டு உத்தரவு போட்டது. ஜூன் 2-ல் அமைந்தது. வாபஸ் வாங்கி 18 வருசம் கழிச்சு! இறுதித் தீர்ப்பு 2007-ல் 419 டி.எம்.சி. என்றது. 2018-ல் சுப்ரீம் கோர்ட்டு அதை 404.25 ஆக்கிவிட்டது.

சரி, நம்ம ஏரிக்கு வருவோம். வழக்கில் நாமும் வாதியாகச் சேர்ந்துட்டா, நம்ம சம்மதமில்லாம மத்த வாதிக்குக் கோர்ட்டு வாபஸ் அனுமதி கொடுக்க முடியாது. ஊர் சார்பாகப் போட்ட வழக்குன்னா, சம்பந்தப்பட்ட எல்லாருக்கும் நோட்டீஸ் போகணும். சேர்க்கிறதும் சேர்க்காததும் கோர்ட்டு இஷ்டம்தான். மனு போடாம எப்படிச் சேர்ப்பாங்க? அரசாங்கம் பாத்துக்கும்னு வரப்பில் உட்கார்ந்தா 1972 கதைதான்.

ஆயக்கட்டுக்காரங்க சிட்டா நகலும் கந்தாய ரசீதும் புதன்கிழமை சங்க ஆபீசுக்குக் கொண்டுவாங்க. வக்கீல் பத்து மணிக்கு வருகிறார்.