தோப்புக்கரணம் தண்டனையா, சாமி கும்பிடுறதா, யோகாவா?

போன எபிசோடுக்கு அப்புறம் வந்த வாய்ஸ் நோட்ல பாதிக்கு மேல ஒரே கேள்விதான். "எங்க அக்கா பையன் காயைத் தொடவே மாட்டேங்கிறான், வெளிய போய் விளையாடுடான்னா செல்போனை விட்டு எந்திரிக்க மாட்டேங்கிறான், என்ன பண்றது?" நமக்கெல்லாம் இருபத்தஞ்சு தாண்டியாச்சு. சொந்தமா குழந்தை இல்லைன்னாலும் அக்கா பசங்க, அண்ணன் பொண்ணு, பக்கத்து ஃப்ளாட் வாண்டுன்னு யாராவது ஒருத்தர் நம்ம வாழ்க்கையில இருக்காங்க. நான் டாக்டரும் இல்ல, டயட்டீஷியனும் இல்ல. கோடிங் எழுதுறவன். ஆனா இந்தக் கேள்விக்காக ரெண்டு வாரம் உக்காந்து படிச்சேன். படிச்சதுல எனக்குப் பிடிபட்ட ஒரு விஷயத்தை மட்டும் இன்னைக்குப் பேசலாம்னு இருக்கேன்.

தோப்புக்கரணத்துல இருந்து ஆரம்பிக்கிறேன். காதைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்து எந்திரிக்கிறது. தொடைக்கு நல்ல வேலை. ஜிம்ல இதையே ஸ்குவாட்டுன்னு சொல்லி காசு வாங்குறாங்க. இதையே ஒரு குழந்தை பிள்ளையார் கோயில்ல போட்டா பக்தி. கணக்கு வாத்தியார் முன்னாடி போட்டா தண்டனை. 2005ல பிலிப்பைன்ஸ்காரர் சோவா கோக் சுய் இதுக்கு 'சூப்பர் பிரெய்ன் யோகா'ன்னு பேர் வச்சு புத்தகமே போட்டார், அதுக்கப்புறம் அமெரிக்காவுல காசு கட்டி கத்துக்கிட்டாங்க. மூளை வளருதா இல்லையாங்கிறது வேற கதை, அதுக்குள்ள நான் போகல. கவனிக்க வேண்டியது என்னன்னா, மூணு இடத்துலயும் முட்டி மடங்குறது ஒரே மாதிரிதான். மாறுறது அதுக்கு ஒட்டுன லேபிள் மட்டும்தான்.

இப்போ உங்க ஸ்கூலை நினைச்சுப் பாருங்க. லேட்டா வந்தா என்ன? கிரவுண்டை மூணு ரவுண்டு ஓடு. ஹோம்வொர்க் எழுதலையா? தோப்புக்கரணம் அம்பது. கிளாஸ்ல நல்ல பேர் எடுத்தா என்ன கிடைச்சுது? சாக்லேட். பரீட்சை வந்தா முதல்ல காணாமப் போற பீரியட் எது? பிடி. "சிலபஸ் முடியலை, இந்த பீரியட் நான் எடுத்துக்கிறேன்"னு மேத்ஸ் மிஸ் உள்ள வந்ததும் மொத்த கிளாஸும் 'அய்யோ'ன்னு கத்துன சத்தம் இன்னும் என் காதுல இருக்கு. அப்போ பன்னெண்டு வருஷம் படிச்சு ஒரு குழந்தை என்ன கத்துக்குது? ஓடுறது தப்பு பண்ணவன் செய்யுற வேலை. விளையாட்டு, நேரம் மிஞ்சுனா மட்டும். இனிப்பு, ஜெயிச்சவனுக்கு.

என் வேலையில இருந்து ஒரு உதாரணம் சொல்றேன், பொறுத்துக்கோங்க. மெஷின் லேர்னிங்ல ஒரு மாடலுக்குப் பயிற்சி குடுக்கும்போது, நம்ம மனசுல என்ன நினைச்சோம்ங்கிறதை அது கத்துக்காது. எதுக்கு மார்க் போடுறோமோ அதைத்தான் கத்துக்கும். குழந்தை மாடல் இல்ல, ஒத்துக்கிறேன். ஆனா "காயைச் சாப்பிட்டு முடி, செல்போன் தரேன்"னு சொல்லும்போது நாம மார்க் போடுறது செல்போனுக்கு. காய் அதுக்குக் கட்டுற கட்டணம் மாதிரி ஆயிடுது. எந்த ஊர்லயாவது கட்டணத்தை ஆசைப்பட்டுக் கட்டுறவங்க இருக்காங்களா?

இதை ஆராய்ச்சி பண்ணியே பார்த்திருக்காங்க. 2014ல மிஹால் மைமரான், அயெலெட் ஃபிஷ்பாக்னு ரெண்டு பேர் வெளியிட்ட ஆய்வு. அமெரிக்காவுல மூணுல இருந்து அஞ்சு வயசுக் குழந்தைங்களுக்கு ஒரு படக்கதை சொல்றாங்க. கதையில ஒரு பொண்ணு பிஸ்கட் மாதிரி ஒண்ணு சாப்பிடுறா. சில குழந்தைங்களுக்கு, அவ அதைச் சாப்பிட்டதால பலசாலி ஆனான்னு கதை. சிலருக்கு, அது டேஸ்ட்டா இருந்துச்சுன்னு கதை. சிலருக்கு ஒண்ணுமே சொல்லல, சும்மா சாப்பிட்டா, அவ்வளவுதான். கதை முடிஞ்சதும் அதே பிஸ்கட்டை முன்னாடி வைக்கிறாங்க. பலசாலி கதை கேட்ட குழந்தைங்க கம்மியாத்தான் சாப்பிட்டாங்க. கேரட்டை வச்சுப் பார்த்தப்பவும், இதைச் சாப்பிட்டா படிக்க வரும், எண்ண வரும்னு சொல்லிப் பார்த்தப்பவும் அதேதான்.

ஏன்? குழந்தையோட லாஜிக் ரொம்ப சிம்பிள். ஒரு பொருள் பலத்துக்காக இருக்குன்னா, அது ருசிக்காக இருக்க முடியாது. யோசிச்சுப் பார்த்தா அது சரியான கணக்குதான். "உடம்புக்கு நல்லது, சாப்பிடு"ன்னு ஐஸ்கிரீமை யாராவது நீட்டியிருக்காங்களா? கஷாயத்துக்கும் பாகற்காய்க்கும்தான் அந்த வசனம். அந்த வார்த்தை வந்தாலே ருசி கம்மின்னு மூணு வயசுலயே கண்டுபிடிச்சுடுறாங்க.

விளம்பரம் எடுக்கிறவங்களுக்கு இது நம்மளைவிட நல்லாத் தெரியும். அதனாலதான் 'ஹெல்த்'ங்கிற வார்த்தையை அவங்க அம்மா அப்பாவைப் பார்த்துச் சொல்றாங்க. குழந்தையைப் பார்த்து சாக்லேட் வாசனையும் கார்ட்டூனும். பால்ல கலக்குற பவுடர் விஷயத்துல 2024 ஏப்ரல்ல மத்திய வர்த்தக அமைச்சகம் தலையிட்டுச்சு, ஞாபகம் இருக்கா? போர்ன்விட்டா உட்பட இந்த மாதிரி பானங்களை 'ஹெல்த் டிரிங்க்'ங்கிற பிரிவுல இருந்து எடுக்கச் சொல்லி ஆன்லைன்ல விக்கிற கம்பெனிகளுக்கு அறிவுரை அனுப்புனாங்க. உணவுப் பாதுகாப்புச் சட்டத்துல அப்படி ஒரு வகைக்கு வரையறையே கிடையாதுங்கிறதுதான் காரணம். அத்தனை வருஷம் நம்ம வீட்டு அலமாரியில இருந்த அந்த வார்த்தைக்குச் சட்டத்துல இடமே இல்ல!

பேக்கிங்கோட சக்திக்கு இன்னொரு ஆய்வு. 2007, ஸ்டான்ஃபோர்டு, தாமஸ் ராபின்சன் குழு. மூணுல இருந்து அஞ்சு வயசுல 63 குழந்தைங்க. ஒரே சாப்பாட்டை ரெண்டா வைக்கிறாங்க. ஒண்ணு மெக்டொனால்ட்ஸ் பேப்பர்ல, இன்னொண்ணு வெறும் பேப்பர்ல. எது டேஸ்ட்டுன்னு கேட்டா நிறைய பேர் மெக்டொனால்ட்ஸ் பேப்பரைக் காட்டுறாங்க. இதுல கேரட்டும் உண்டு. அது மெக்டொனால்ட்ஸ் கேரட்டே இல்ல, மளிகைக் கடையில வாங்குனது! அப்போ கேரட் மேல குழந்தைக்குப் பிறவிப் பகை எதுவும் கிடையாது.

சரி, லேபிளை விடுங்க, மிரட்டியாவது ஊட்டிடலாமேன்னா, அதையும் 2006லயே பார்த்துட்டாங்க. ஒரு பள்ளியில குழந்தைங்களுக்கு சூப் குடுத்து, ஒரு தடவை "சூப்பைக் குடிச்சு முடி"ன்னு திரும்பத் திரும்ப சொல்றாங்க, இன்னொரு தடவை சும்மா விடுறாங்க. சும்மா விட்டப்பதான் அதிகமாக் குடிச்சாங்க. 'சீ'ன்னு முகம் சுளிச்சதும் கம்மி. நம்ம ஊர்ல இதைச் சொன்னா ஆயா அடிக்க வரும், "அப்போ நான் ஓடி ஓடி ஊட்டுனதாலதானே நீ இவ்வளவு வளர்ந்த?"ன்னு. ஆயாகிட்ட நான் வாதாடுறது இல்ல.

அப்போ எதுதான் வேலை செய்யுது? எனக்கு ரொம்பப் பிடிச்ச ஆய்வு 1980ல லீயன் பர்ச் பண்ணது. ஒரு குழந்தைக்கு ஒரு காய் பிடிக்கும், இன்னொண்ணு அவ்வளவாப் பிடிக்காது. பிடிக்காத காயை விரும்பிச் சாப்பிடுற மூணு நாலு குழந்தைங்களோட சேர்த்து அவளைச் சாப்பிட உக்கார வைக்கிறாங்க. நாலு நாள். யாரும் எதுவும் சொல்லல. நாலு நாள்ல அவளே அந்தக் காயை எடுக்க ஆரம்பிச்சுட்டா.

இது நமக்குப் புதுசா என்ன? லஞ்ச் டைம்ல டப்பா மூடியில ஒருத்தனோட புளிசாதம், இன்னொருத்தியோட கீரைப் பொரியல்னு மாத்தி மாத்தி சாப்பிட்டவங்க நாம. வீட்டுல தொடாத கொத்தவரங்காய் ஃப்ரெண்டு டப்பாவுல இருந்தா உள்ள போயிடும். 2022 செப்டம்பர்ல மதுரையில தொடங்குன காலை உணவுத் திட்டத்தை நாம பசியைப் போக்குற திட்டமா மட்டும் பார்க்கிறோம். பசிதான் முதல் காரணம், சந்தேகமே இல்ல. ஆனா தொடக்கப்பள்ளிக் குழந்தைங்க வரிசையா உக்காந்து ஒண்ணா உப்புமாவும் பொங்கலும் சாப்பிடுறாங்க பாருங்க, அங்கே வேற ஒண்ணும் நடக்குது. அரசுப் பள்ளியில டீச்சரா இருக்கிற என் ஃப்ரெண்டு சொல்வா, "வீட்டுல உப்புமான்னா அழுவான்னு அவங்க அம்மா சொல்றாங்க, இங்க ரெண்டாவது தடவை கேட்டு வாங்குறான் சார்"னு. என்னையும் அவ 'சார்'னுதான் கூப்பிடுவா, டீச்சர் பழக்கம்.

உடற்பயிற்சிக்கும் அதே கதைதான். அஞ்சுல இருந்து 17 வயசு வரைக்கும் ஒரு நாளைக்குச் சராசரியா 60 நிமிஷம் நல்லா மூச்சு வாங்குற அளவுக்கு உடம்பு அசையணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. 2016 கணக்குப்படி உலகத்துல 11ல இருந்து 17 வயசுப் பசங்கள்ல 81 சதவீதம் பேர் அந்த அளவைத் தொடல. பொண்ணுங்க மட்டும் எடுத்தா 85. ஆனா கல்லா மண்ணா, ஐஸ்பாய், ஓடிப்பிடிச்சு ஆடுன எந்தக் குழந்தையும் நான் இப்போ எக்சர்சைஸ் பண்றேன்னு நினைச்சதில்ல. இன்னைக்கு அபார்ட்மென்ட் கீழ இறங்குனா முதல்ல கண்ணுல படுறது 'இங்கே பந்து விளையாடக் கூடாது' போர்டு. பொண்ணுங்களுக்கு அந்த போர்டு வயசுக்கு வந்த அன்னைக்கே வீட்டுக்குள்ளயே மாட்டியாச்சு. போர்டு மாட்டுன அதே அங்கிள்தான் அசோசியேஷன் மீட்டிங்ல "இந்தக் காலத்துப் பசங்க சோம்பேறி"ன்னு பேசுவார்.

இன்னொண்ணு, இதை நான் லேசாச் சொல்லிட்டுப் போக விரும்பல. ஒவ்வொரு கிளாஸ்லயும் 'குண்டு'ன்னு பேர் வச்ச ஒரு குழந்தை இருக்கும். ஓட்டப்பந்தயத்துல அவன் கடைசியா வர்றதைப் பார்த்து மொத்த கிரவுண்டும் சிரிக்கும். டீம் பிரிக்கும்போது கடைசியா எடுப்பாங்க. அந்தக் குழந்தைக்கு ஓட்டம்னா தண்டனை மட்டும் இல்ல, அவமானம். நடக்கிறது, ஆடுறது யாருக்கு ரொம்பத் தேவைன்னு நாம நினைக்கிறோமோ, அவங்களைத்தான் முதல்ல கிரவுண்டை விட்டுத் துரத்துறோம். சித்தப்பா, மாமா முறையில நாம வீட்டுக்குப் போனதும் கன்னத்தைக் கிள்ளி "என்னடா, இன்னும் ஒரு சுத்து பெருத்துட்ட?"ன்னு கேட்கிறோமே, அதை இந்த தீபாவளிக்குக் கேட்காம இருந்து பாருங்க. பேச வேற விஷயம் கிடைக்கும்.

கடைசியா ஒரு வாய்ஸ் நோட்டுக்குப் பதில். வேளச்சேரியில இருந்து ஒரு அக்கா கேட்டிருந்தாங்க: "எல்லாம் சரி தம்பி, என் பொண்ணு பீர்க்கங்காய் சாப்பிடலைன்னா நான் ஒண்ணுமே சொல்லக் கூடாதா?" அக்கா, தட்டுல ஒரு ஸ்பூன் வைங்க. நீங்களும் அவ பக்கத்துலயே உக்காந்து, அதையே சாப்பிடுங்க. அவ தொடலைன்னா எடுத்துடுங்க, முகத்தை ஒண்ணும் மாத்திக்காதீங்க. ஒரு புதுக் காய் பழகுறதுக்கு எட்டு, பத்து, சில குழந்தைங்களுக்கு பதினஞ்சு தடவைகூட ஆகும்னு இந்த ஆய்வுகள்ல வருது. பெரும்பாலான வீட்டுல மூணாவது தடவையே "இவளுக்கு இது பிடிக்காது"ன்னு முடிவு எழுதிடுறாங்க. அதுக்குள்ள வேணும்னா தோலை வச்சு துவையல் அரைச்சு, தோசைக்குப் பக்கத்துல வைங்க. உடம்புக்கு நல்லதுன்னு மட்டும் சொல்லிடாதீங்க!

உங்க ஸ்கூல்ல பிடி பீரியடை யார் எடுத்துக்கிட்டாங்க, வாய்ஸ் நோட்ல அனுப்புங்க. பேர் மட்டும் சொல்ல வேணாம். அடுத்த வாரம் பார்க்கலாம், பை.